கூடுதல் வரிக்குச் சம்மதம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொருட்காட்சி திறக்கும்போது அக்காவின் ராட்டினம் சுற்றியாக வேண்டும். சுற்றாவிட்டால், மைதானத்தின் நடு இடம் வேறொருவருக்குப் போய்விடும். கல்யாணமான வருடத்திலிருந்து அவள் ராட்டினம் நின்ற இடம் அது. மைதானத்து மேனேஜர் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னார்.

ராட்டினத்தில் கோளாறு எதுவும் இல்லை. பாதுகாப்புச் சோதனைக்கு வந்த இன்ஜினீயர் பழைய போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அத்தனையும் மாத்துங்க. உயர் பல போல்ட்டாப் போடுங்க. தலையில 8.8ன்னு குறி இருக்கணும்" என்று சொல்லி ராட்டினத்தைப் பூட்டிவிட்டுப் போனார். அந்த ரகம் உள்நாட்டில் யாரும் செய்வதில்லை. கப்பலில்தான் வர வேண்டும்.

அக்கா கலங்கவில்லை. கூடப் பிறந்த தம்பியே கிளியரிங் ஏஜென்ட். துறைமுகத்தில் சரக்கு இறங்கினால் வரி கட்டி, கையெழுத்து வாங்கி, வெளியே கொண்டு வருவதுதான் அவன் பிழைப்பு. "உன்னைப் படிக்க வெச்சதுக்கு இன்னிக்குத்தாண்டா ஒரு பிரயோஜனம் வந்திருக்கு" என்று ஆர்டரை அவன் கையில் கொடுத்தாள்.

கப்பல் தாமதமாக வந்தது. சரக்கு சுங்கக் கொட்டகைக்கு வந்தபோது செவ்வாய்க்கிழமை. யாருடைய மேசைக்குப் போகிறது என்று ஏஜென்ட் பார்த்தான்.

சல்லடை.

அந்த அதிகாரியின் பெயரை ஏஜென்ட்டுகள் யாரும் சொல்வதில்லை. சல்லடை என்றால் துறைமுகம் முழுக்கத் தெரியும். ஆணி, திருகாணி, கீல், கொண்டி, போல்ட் என்று உள்ளங்கையில் அடங்கும் இரும்புச் சாமான்கள் எல்லாம் அவர் பிரிவு. கேட்பதற்குச் சில்லறை வேலை மாதிரி இருக்கும். ஆனால் அலமாரிக் கதவின் கீலுக்கு ஒரு வரி, அந்தக் கீலை மாட்டும் திருகாணிக்கு வேறு வரி, திருகாணிக்கு அடியில் போடும் வாஷருக்கு இன்னொரு வரி. மூன்றும் ஒரே பெட்டியில் கலந்து வந்தால், நல்ல நல்ல அதிகாரிகளே கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். சல்லடை மூடமாட்டார்.

"சல்லடை கைக்கு ஃபைல் போச்சுன்னா ரெண்டே வழிதான். ஒண்ணு அந்தம்மாவுக்கு ஜுரம் வரணும். இல்ல நமக்கு வரணும்" என்று டீக்கடையில் ஏஜென்ட்டுகள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்த கையோடு இன்னொரு கதையும் சொல்வார்கள். கைப்பிடிகளை இறக்குமதி செய்த ஒரு வியாபாரி, விவரம் தெரியாமல் அதிக வரி கட்டிவிட்டுச் சந்தோஷமாகப் போய்விட்டாராம். சல்லடை ஆள் அனுப்பி, திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். அந்த வியாபாரி, இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று பயந்து ஒரு வாரம் தலைமறைவாக இருந்தாராம்.

கொட்டகையில் போல்ட் பெட்டிகள் மரப்பலகைகள் மேல் அடுக்கடுக்காக நின்றன. நரைத்த தலை, பருத்திப் புடவை, காலில் முன்பக்கம் மூடிய தடித்த ஷூ. சல்லடை அடுக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஏஜென்ட் மேல் பெட்டியைத் திறந்து தயாராக வைத்திருந்தான்.

"அதை மூடுங்க. கீழ இருந்து ரெண்டாவது வரிசையில, நடுவுல இருக்கே, அதை எடுங்க."

"மேடம், அதை எடுக்கணும்னா மேல இருக்கிற எல்லாத்தையும் இறக்கணும்."

"இறக்குங்க. மேல் பெட்டிங்கறது விருந்தாளிக்குப் போட்ட நாற்காலி மாதிரி. அதை வெச்சு வீட்டை எடை போடக்கூடாது."

இறக்கினார்கள். சல்லடை ஒரு போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரல் நீளம், அதே தடிமன், ஆறு முகத் தலை. தலையில் 8.8. நகத்தால் அந்த எண்ணை ஒருமுறை கீறினார். பிறகு மேல் பெட்டியிலிருந்தும் ஒன்றை எடுத்து, அதையும் கீறினார்.

"இது என்ன போல்ட் ஏஜென்ட்?"

"உயர் பல போல்ட் மேடம். தலையிலயே போட்டிருக்கே."

"போட்டிருக்கிறது எனக்கும் தெரியுது. எப்பப் போட்டாங்க?"

ஏஜென்ட் விழித்தான். சல்லடை இரண்டு போல்ட்டுகளையும் அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"மேல் பெட்டிப் போல்ட்டைப் பாருங்க. தலையை அடிச்சு உருவாக்கும்போதே நம்பரும் சேர்ந்து வந்திருக்கு. அப்புறமாத்தான் துத்தநாகப் பூச்சு. அதனால நம்பருக்குள்ளயும் பூச்சு பளபளன்னு இருக்கு. இப்ப இதைப் பாருங்க. பூச்சு பூசி முடிச்ச பிறகு உளி மாதிரி ஒண்ணை வெச்சுக் குத்தியிருக்காங்க. நம்பர் ஓரத்துல பூச்சு உடைஞ்சு செதில் செதிலா நிக்குது. நகம் மாட்டுதா?"

மாட்டியது.

ஏஜென்ட்டுக்கு விஷயம் நொடியில் புரிந்தது. வரி அட்டவணையில் போல்ட்டுக்கு இரண்டு வரிசை உண்டு. இவ்வளவு விசையோடு இழுத்தாலும் அறாது என்ற எல்லைக்கு மேலே இருந்தால் உயர் பலம், வரி குறைவு. எல்லைக்குக் கீழே இருந்தால் சாதாரணம். வரி மூன்று மடங்கு. சாதாரண போல்ட் செய்யும் உள்நாட்டுப் பட்டறைகள் பிழைக்க வேண்டும் என்று போட்ட வரி அது. அதை ஏமாற்ற, சாதாரண போல்ட்டின் தலையில் 8.8 என்று குத்தி உள்ளே கொண்டுவருகிறவர்கள் உண்டு. சல்லடையின் சந்தேகம் அதுதான்.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஏஜென்ட்டுகளிடம் ஒரு பழைய மருந்து இருக்கிறது. வாதாடாதே. அதிகாரி எந்த வரிசையைச் சொல்கிறாரோ அதற்குத் தலையாட்டு. கூடுதல் வரியைக் கட்டு. அரசாங்கத்துக்கு அதிகம் வந்தால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? ஃபைல் மூடும். சரக்கு வெளியே போகும்.

"மேடம், எதுக்குப் பிரச்சினை? சாதாரண வரிசையிலயே போட்டுடுங்க. கூடுதல் வரிக்குச் சம்மதம்."

"எதுக்குச் சம்மதம்?"

"கூடுதல் வரிக்கு."

"நான் அதைக் கேக்கல. இது சாதாரண போல்ட்டுங்கறதுக்குச் சம்மதமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்."

சல்லடை அவனை ஒரு கணம் பார்த்தார். கோபமில்லை. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது.

"ஒண்ணு இல்ல. குறைச்சு வாங்கினா அரசாங்கம் ஏமாந்தது. கூடுதலா வாங்கினா நீங்க ஏமாந்தீங்க. ரெண்டுமே தப்பான வரிதான். இது என்னன்னு தெரியாம நான் எதையும் வாங்கப் போறதில்ல. லேப்ல இழுத்துப் பாக்கணும்."

"லேப்ல எத்தனை நாள் காத்திருக்கணும் மேடம்?"

"ஒரு வாரம்."

ஏஜென்ட் அங்கேயே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.

*

போனில் விஷயத்தைச் சொன்னபோது அக்கா முழுதாகக் கேட்கவில்லை. "ஒரு வாரம்" என்ற இடத்திலேயே இணைப்பு அறுந்தது. சற்று நேரத்தில் சுங்க அலுவலக வாசலில் ஒரு டெம்போ நின்றது. அதிலிருந்து அக்கா இறங்கினாள். பின்னால் அவள் புருஷன் இறங்கினார்.

அக்கா புருஷனுக்குப் பல்லி என்று பட்டப்பெயர். ராட்டினத்தின் உச்சி வரை வெறும் கையோடு ஏறி, ஒவ்வொரு போல்ட்டையும் தானே முறுக்கிப் பார்க்கிற மனிதர். தரையில் இருக்கும்போது அதிகம் பேசமாட்டார். தரையில் அக்கா பேசுவாள்.

"எங்கடா அந்த அம்மா?"

"அக்கா, மெதுவா. நான் அதிக வரி கட்டுறேன்னு சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கறாங்க."

"குடுக்கறேன்னாலும் வாங்க மாட்டாங்களாமா? இது என்னடா புதுசா இருக்கு. நகரு."

சல்லடையின் அறை ஒரு பாதி அலுவலகம், ஒரு பாதி இரும்புக்கடை. சுவரோரம் தட்டுத் தட்டாக மாதிரிச் சாமான்கள். மேசை மேல் காந்தம், அளவுகோல், அரம், பூதக்கண்ணாடி. அவர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் மூடி வைத்தார்.

"ராட்டினக்காரின்னா இந்த ஊர்ல சின்னக் குழந்தைக்கும் தெரியும்" என்று அக்கா ஆரம்பித்தாள். "நான் யாரையும் ஏமாத்தினதில்ல. என் தம்பி, நீங்க கேக்கறதுக்கு மேலயே கட்டுறேங்கறான். வாங்கிக்க உங்களுக்குக் கசக்குதா?"

"உக்காருங்கம்மா."

"உக்கார நேரமில்ல. வெள்ளிக்கிழமை என் ராட்டினம் சுத்தலைன்னா என் இடம் போச்சு. உங்களுக்கு அது ஒரு ஃபைல். எனக்கு அது சோறு."

"புரியுது. உங்க தம்பி எந்த வரிசையில கட்டுறேங்கறாரு, சொன்னாரா?"

"எந்த வரிசையா இருந்தா எனக்கென்ன?"

"சாதாரண போல்ட் வரிசை. அதுல கையெழுத்துப் போட்டா, இந்தச் சரக்கு உயர் பலம் இல்ல, அதுல பாதிதான் தாங்கும்னு நீங்களே ஒத்துக்கிட்டதா அர்த்தம்."



அக்கா மெல்லத் தம்பி பக்கம் திரும்பினாள். "டேய். என்ன சொல்றாங்க இவங்க?"

"அக்கா, அது சும்மா வரிக் கணக்குக்குத்தான். சரக்கு வெளிய வரணும்ல."

"வரிக் கணக்குல மெத்துன்னு இருந்துட்டு, ராட்டினத்துல ஏறுனதும் கெட்டியாயிடுமா?"

ஏஜென்ட்டின் பிழைப்பில் வரிசை என்றால் சதவீதம். இத்தனை நாளும் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பொருள் இருப்பதையே மறந்து போயிருந்தான். இப்போது நினைத்துப் பார்த்தான். கூடுதல் வரி கட்டி, வேகமாக வெளியே எடுத்து, வேகமாக முறுக்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் சுற்று. முதல் சுற்றில் முதல் கூண்டில் எப்போதும் உட்காருகிறவர் பல்லி. அடுத்த சுற்றில் குழந்தைகள்.

"மாமாவை மேல ஏத்தி விட்டுட்டு, கீழ நின்னு ரசீது வெச்சிருப்பியா நீ?" அக்கா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கதவோரம் நின்ற பல்லி தொண்டையைச் செருமினார். "அவனைத் திட்டாத. ஆர்டர் குடுக்கும்போது நாமளும் குறி இருக்கான்னுதானே கேட்டோம்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மேடம், இழுத்துப் பாருங்க. எத்தனை வேணுமோ அத்தனையும் ஒடைங்க. நல்லதுன்னு நீங்க சொல்லாம ஒரு போல்ட்டும் என் ராட்டினத்துல ஏறாது."

"ஒரு வாரம் ஆகும்னு உங்க தம்பி சொல்லியிருப்பாரே."

"சொன்னான்."

"வெள்ளிக்கிழமை?"

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "போனாப் போகட்டும். மைதானத்து மூலையில பஞ்சு மிட்டாய் விப்பேன். சனங்க உசுரோட வந்து வாங்குவாங்கள்ல."

சல்லடை டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏஜென்ட் வாழ்நாளில் முதல் தடவையாக அந்த முகத்தில் ஒரு சிரிப்பின் நிழலைப் பார்த்தான்.

"லேப்காரர் தினமும் ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடி மெஷின் சரியா இருக்கான்னு பாக்க ஏதாவது ஒரு துண்டை இழுத்து ஒடைப்பாரு. அப்ப வரிசையில யாரும் நிக்கறதில்ல. ஏன்னா அப்ப யாரும் எழுந்திருக்கறதே இல்ல. நாளைக்குக் காலையில நான் போறேன். நீங்க வரீங்களா?"

*

லேப் என்பது தகரக் கூரை போட்ட நீள அறை. நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இயந்திரம், மேலும் கீழும் இரண்டு தாடைகள். லேப்காரர் ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"மேடம், விடியறதுக்குள்ள ஒரு கல்யாண கோஷ்டியையே கூட்டிட்டு வந்திருக்கீங்களே."

"உங்க சோதனைத் துண்டை முதல்ல ஒடைச்சு முடிங்க. அப்புறம் இது."

முடித்தார். பிறகு மேல் பெட்டிப் போல்ட்டைத் தாடைகளுக்கு நடுவில் மாட்டினார். கண்ணாடித் தடுப்பை இறக்கினார். இயந்திரம் முனகியது. வட்ட முகப்பில் ஊசி நகர்ந்தது. முகப்பின் மேல் சிவப்பு பென்சிலால் ஒரு கோடு. வரி அட்டவணையின் எல்லை. ஊசி கோட்டை நெருங்கியது. தொட்டது. தாண்டியது. இன்னும் போனது.

பட்டென்று ஒரு வெடி. ஏஜென்ட் இரண்டடி பின்னால் குதித்தான்.

"உயர் பலம். வஞ்சனையில்லாத சரக்கு" என்றார் லேப்காரர்.

அடுத்தது கீழ்ப் பெட்டிப் போல்ட். அதே அளவு, அதே பளபளப்பு, அதே எண். ஊசி பாதி தூரம் சுறுசுறுப்பாக ஏறியது. பிறகு தயங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் போல்ட்டின் நடுப்பகுதி மெழுகுபோல இளைப்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. வெடி கூட இல்லை. தொப்பென்று ஒரு சத்தம். சிவப்புக் கோடு எங்கேயோ தூரத்தில் இருந்தது.

அக்கா பல்லியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாலு பேர் எதிரில் அவள் அப்படிப் பிடித்ததில்லை. அவர் கூச்சத்தோடு நெளிந்தார். விடுவிக்கவில்லை.

வெளியே வந்து ஏஜென்ட் சரக்கு அனுப்பியவனுக்குப் போன் போட்டான். கடல் கடந்து ஒரு குரல் நிதானமாகப் பதில் சொன்னது. ஏஜென்ட் கேட்கக் கேட்க அவன் காது சிவந்தது. போனை வைத்துவிட்டுச் சல்லடையிடம் வந்தான்.

"நல்ல சரக்கு கையிருப்பு பத்தலையாம். மீதிக்கு சுங்க ரகம் வெச்சு நிரப்பிட்டானாம்."

"சுங்க ரகமா?"

"நம்பர் மட்டும் குத்தின ரகம் மேடம். அதுக்குப் பேரே அதுதானாம். 'உங்க பக்கத்து ஆளுங்க எல்லாரும் குறிக்காகத்தானே வாங்குவாங்க, நிஜமாவே பலமா வேணும்னு நீங்க சொல்லவே இல்லையே'ங்கறான்."

சல்லடை முதல் முறையாகச் சத்தமாகச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "வரியை ஏமாத்தறதுக்குன்னே ஒரு சரக்கு. அதை ஒருத்தன் பேரு வெச்சு விக்கறான். திருடனுக்குத் தேள் கொட்டினாப் பரவால்ல ஏஜென்ட். இங்க பக்கத்து வீட்டுக்காரனுக்குல்ல கொட்டுது." சிரிப்பு நின்றது. "சரி. வாங்க. பிரிப்போம்."

"எதை மேடம்?"

"ரெண்டு ரகம் கலந்து வந்திருக்கு. ரெண்டும் ரெண்டு வரிசை. கலந்து வந்ததுக்காக நல்லதையும் கெட்டதாக்க முடியாது. ஒவ்வொண்ணாப் பாத்துப் பிரிக்கணும்."

"ஒவ்வொண்ணாவா?"

"நகம் இருக்கில்ல?"

*

அன்றைக்குச் சுங்கக் கொட்டகையில் நடந்ததை ஏஜென்ட்டுகள் இன்னும் டீக்கடையில் பேசுகிறார்கள். வேறு அதிகாரியாக இருந்தால் மொத்தச் சரக்கையும் முடக்கி, நோட்டீஸ் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. சல்லடை ஒரு கோணியை விரித்துத் தரையில் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் நிற்க முடியுமா? அக்கா உட்கார்ந்தாள். பல்லி உட்கார்ந்தார். ஏஜென்ட் புதுப் பேண்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். போல்ட்டை எடு. நகத்தை எண் மேல் இழு. வழுக்கினால் வலப்பக்கம். மாட்டினால் இடப்பக்கம்.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பியது.

"மேடம், உங்களுக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க தெரியுமா?" என்றாள் அக்கா.

ஏஜென்ட் அவசரமாகக் குறுக்கிட்டான். "அக்கா."

"சல்லடை" என்றார் சல்லடை, தலை நிமிராமல். "என் புருஷனே வீட்ல அப்படித்தான் கூப்பிடறாரு. கல்லு இல்லாம அரிசி வேணும், சல்லடை மட்டும் ஆகாது எல்லாருக்கும்." ஒரு போல்ட்டை இடப்பக்கம் எறிந்தார். "ஏஜென்ட், உங்க வலப்பக்கக் குவியல்ல மேலயே ஒரு இடப்பக்கம் கிடக்கு."

கிடந்தது.

"எங்க வீட்லயும் இவன் அப்படித்தான்" என்றாள் அக்கா. "வெண்டைக்காய் வாங்கிட்டு வாடான்னா முத்தலும் பிஞ்சுமா அள்ளிட்டு வருவான். கடைக்காரன் மனசு நோகுமாம்."

"நுனியை ஒடிச்சுப் பாக்க விடமாட்டாங்கக்கா."

"கேட்டியாடா என்னிக்காவது?"

பல்லி மட்டும் பேசாமல் எல்லாரையும் விட வேகமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் நகம்கூட வைக்கவில்லை. கட்டைவிரலால் ஒரு தடவல். சல்லடை அதைக் கவனித்தார். அவர் பிரித்ததில் ஒரு கைப்பிடி எடுத்துத் தானே சரிபார்த்தார். எல்லாம் சரி. தன் பக்கத்திலிருந்த பெட்டியையும் அவர் பக்கம் தள்ளிவிட்டார். அந்தத் துறைமுகத்தில் அதைவிடப் பெரிய பாராட்டை யாரும் வாங்கியதில்லை.

வலப்பக்கக் குவியலிலிருந்து சல்லடை மறுபடி மாதிரி எடுத்தார். மறுநாள் விடிகாலை லேப்காரர் அத்தனையையும் உடைத்தார். ஒவ்வொன்றும் சிவப்புக் கோட்டைத் தாண்டி வெடித்தது. நல்ல போல்ட் குறைந்த வரியில் வெளியே வந்தது. மெத்தென்ற போல்ட்டை அக்கா தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். வேண்டாம் என்ற சரக்குக்கு வரி கிடையாது, அது கொட்டகையை விட்டு வெளியேயும் போகாது. எத்தனை வேண்டுமானாலும் உடைத்துச் சோதியுங்கள் என்று இறக்குமதி செய்தவரே சொன்னதையும் சல்லடை தன் குறிப்பில் ஒரு வாக்கியமாகச் சேர்த்தார். அபராதம் என்ற பேச்சு அந்த ஒரு வாக்கியத்தில் அடிபட்டுப் போனது.

ஒரே ஒரு சிக்கல். நல்ல போல்ட் போதவில்லை.

பல்லி தரையில் சாக்பீஸால் ராட்டினத்தை வரைந்தார். நடு அச்சுக்கு முழுசாகப் போட வேண்டும். ஆரக்கால்களுக்கு முழுசாகப் போட வேண்டும். அதில் குறைக்க முடியாது. மிச்சமிருப்பது கூண்டுகளைத் தொங்கவிடப் பாதிக்குத்தான் வரும்.

"அப்ப பாதிக் கூண்டு மாட்டு" என்றாள் அக்கா. "ஒண்ணு விட்டு ஒண்ணு. சமநிலை கெடாதுல்ல?"

பல்லி யோசித்தார். தலையாட்டினார். ஸ்பானரை எடுத்தார்.

*

வெள்ளிக்கிழமை மதியம் இன்ஜினீயர் வந்து சுத்தியலால் தட்டினார். லேப் அறிக்கையை இரண்டு முறை படித்தார். பூட்டைக் கழற்றினார்.

மைதானத்து மேனேஜர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பெரிய சக்கரத்தில் ஒரு கூண்டு, ஒரு காலியிடம், ஒரு கூண்டு, ஒரு காலியிடம். "என்னங்க இது, பொக்கை வாய் மாதிரி?"

"சுத்தணும்னுதானே சொன்னீங்க? பல்லு எண்ணணும்னு சொல்லலையே" என்றாள் அக்கா.

இடம் அக்காவுக்கே என்றானது.

சாயங்காலம் விளக்குகள் எரிந்தன. முதல் சுற்றில் முதல் கூண்டில் பல்லி வழக்கம்போலத் தனியாக உட்கார்ந்து ஏறி இறங்கினார். கட்டைவிரலை உயர்த்தினார். கூட்டம் வரிசைக்குள் முண்டியடித்தது. பாதிக் கூண்டு என்பதால் வரிசை இரண்டு மடங்கு நீண்டது. வரிசை நீளமாக இருந்தால் அதில் என்னவோ இருக்கிறது என்று இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள்.

வரிசையின் நடுவில் நரைத்த தலை, பருத்திப் புடவை, தடித்த ஷூ.

ஏஜென்ட் ஓடினான். "மேடம், நீங்க எதுக்கு வரிசையில நின்னுக்கிட்டு. வாங்க, நேரா முன்னாடி போகலாம்."

"இவங்கெல்லாம் எனக்கு முன்னாடி வந்தவங்க ஏஜென்ட்."

டிக்கெட் ஜன்னலில் அக்கா கையை எடுத்துக் கும்பிட்டு, காசு வாங்க மறுத்தாள். சல்லடை நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அக்காதான் தோற்றாள். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். மீதிச் சில்லறையைச் சல்லடை எண்ணிப் பார்த்ததையும், கூடுதலாக வந்த ஒரு நாணயத்தைத் திருப்பிக் கொடுத்ததையும் அக்கா இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள்.

கூண்டு ஏறியது. கீழே ஆட்களை ஏற்ற ராட்டினம் நின்றபோது சல்லடை சரியாக உச்சியில் இருந்தார். காற்றில் கூண்டு லேசாக ஆடியது. பக்கத்துக் கூண்டுகளில் பெரியவர்களே கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்கள்.

டிக்கெட் ஜன்னலை ஒட்டியிருந்த லீவரில் ஒரு கையை வைத்தபடி அக்கா மறு கையை நெற்றியில் வைத்து, கண்ணைச் சுருக்கி, மேலே பார்த்தாள்.

"டேய், அந்தம்மா என்ன பண்றாங்க பாரு."

ஏஜென்ட் பார்த்தான். சல்லடை கம்பியைப் பிடிக்கவில்லை. ஊரின் விளக்குகளைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் கூண்டைத் தாங்கிக்கொண்டிருந்த போல்ட்டின் தலையை அண்ணாந்து பார்த்து, ஒரு கையை மெல்ல நீட்டி, நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

"இறங்குனதும் ஸ்பானர் கேப்பாங்க" என்றாள் அக்கா, லீவரை இழுத்தபடி. "குடுத்துடு."